குஞ்சுக் கொட்டாய்க்கு வெயில் பிடித்த வருடம்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோழிக் கொட்டாய் எரிவதைக் கண்ணால் பார்த்தவர்கள், தாலி கட்டினவர் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் வந்து என்னிடம் தைரியத்தைப் பற்றிப் பேசட்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். அந்த வட்டாரத்தில் அப்போது லாரியும் கோழியும்தான் பெரிய பேச்சு. என் கணவரின் அண்ணன் லாரி வைத்திருந்தார். நாங்கள் கோழி வைத்திருந்தோம். என் கணவரும் கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனுடைய லாரியை ஓட்டியவர்தான். கல்யாணம் பேசியபோது நான் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை லாரியை விட்டுவிட வேண்டும் என்று. எங்கள் அப்பா லாரி டிரைவர். நான் பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதில் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவர், ஏதோ ஒரு மலைப்பாதையில் வண்டியோடு போய்விட்டார். வாசலில் லாரி நின்று யாராவது இறங்கினால் இன்றைக்கும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவரும் மறுபேச்சுப் பேசாமல் லாரியை விட்டார். பண்ணை வைத்தோம். கோழி வளர்ப்பில் முட்டை எடுப்பதெல்லாம் பெரிய வித்தை இல்லை. குஞ்சைப் பிழைக்க வைப்பதுதான் பாடு. பொரித்து ஒரு நாளான குஞ்சுகள் அட்டைப் பெட்டியில் அடைத்து வரும். தாயில்லாத பிள்ளைகள். முதல் மூன்று வாரம் ராவும் பகலும் கதகதப்பு வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தால் போதும், ஒன்றின்மேல் ஒன்றாக மூலையில் போய் ஏறும். அடியில் சிக்கினது மூச்சு முட்டிச் சாகும். பல்பு போட்டுச் சூடு காட்டலாம் என்றால் கரண்ட்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாப் பண்ணையிலும் நடுவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோ கரிச் சட்டியோ வைத்து, மேலே தகர மூடி தொங்கவிட்டு, சுற்றிலும் குஞ்சுகளை விடுவார்கள். கீழே தரை முழுக்கக் கடலைத் தோல் பரப்பியிருக்கும். கடலைத் தோலுக்கு நடுவில் நெருப்பு! நினைத்துப் பாருங்கள்.

முந்தின வருஷம் கார்த்திகையில் அதுதான் நடந்தது. ஸ்டவ் ஒழுகியிருக்கிறது. தோல் பற்றி, கூரை பற்றி, நான் வீட்டிலிருந்து ஓடி வருவதற்குள் இவர் உள்ளே போய்விட்டார். காய்ந்து சிவந்திருந்த தகர மூடியை வெறுங்கையால் தூக்கி எறிந்துவிட்டுக் குஞ்சுகளை அள்ளியிருக்கிறார். குஞ்சும் பிழைக்கவில்லை, கையும் வெந்துபோனது. உள்ளங்கைத் தோல் புதிதாக முளைத்து, பளபளவென்று, ரேகையே இல்லாமல் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார். நான் தோசை ஊற்றினால்கூட வாசற்படியிலேயே தட்டை நீட்டுவார்.

ஓடு போட்டுக் கொட்டாயை மறுபடி கட்டி முடித்தபோது அண்ணன் வந்து பார்த்தார். "கோழி உனக்கு ராசியில்லடா. தை பொறந்தா வண்டிக்கு வந்துரு. ரெண்டு லைன் போய்ட்டு வந்தீனா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

"இன்னொருக்காப் பாத்துக்கறனுங்கண்ணா. இந்தக் குஞ்சும் போச்சுன்னா வாரனுங்க" என்றார் இவர்.

நான் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கொட்டாய்க் குஞ்சு செத்தால் என் வீட்டுக்காரர் லாரி ஏறிவிடுவார். அன்றையிலிருந்து என் உயிர் அந்தக் குஞ்சுகளிடம் போய் மாட்டிக்கொண்டது.

கைக்கு மருந்து கட்ட அவரைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்த காலத்திலேயே நான் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு வெல்டிங் பட்டறை. வாசலில் கட்டில் மாதிரி ஒரு சாய்வான பெட்டி, உள்ளே கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி. அதற்கு மேலே உயரத்தில் ஒரு டேங்க். பட்டறைக்காரர் கை கழுவ அதிலிருந்து தண்ணீர் பிடித்தார். ஆவி பறந்தது. ஏதோ லாட்ஜில் குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் போடச் செய்கிறாராம்.

"தீ எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"தீயே கிடையாதும்மா. வெயில்தான். தகடு காயும், தகட்டுல ஒட்டியிருக்கற குழாய்த் தண்ணி சுடும், சுட்ட தண்ணி தானா மேல ஏறும். மோட்டார்கூட வேண்டாம்."

"அந்தத் தண்ணியக் கொட்டாய்க்குள்ள குழாய்ல உட்டாக் குஞ்சுக்குச் சூடு பத்துமுங்களா?"

அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையிலிருந்த ராடைக் கீழே வைத்துவிட்டு, கொட்டாய் எத்தனை அடி நீளம் என்று கேட்டார். தீயே கிடையாது என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன். சூரிய சக்தி, விஞ்ஞானம் எல்லாம் எனக்கு என்ன தெரியும்?

மார்கழியில் கொண்டுவந்து மாட்டினார்கள். கொட்டாயின் பின்பக்கம், தெற்கு பார்த்து, நாலு பெட்டி. டேங்கைச் சுற்றித் தவிடும் சாக்கும் கட்டித் தகரம் போர்த்தியிருந்தது. பகலில் காய்ந்த தண்ணீர் விடிய விடியச் சூடாக இருக்கும் என்றார்கள். கொட்டாய்க்குள் தரையோடு குழாய் ஓடியது. மேலே சாக்குப் படுதா. அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "வெயிலப் புடிச்சு டப்பாவுல அடைக்கறாங்களாமா! நல்லா இருக்குது போ" என்று சிரித்தார். என் மாமியார் கிட்டேயே வரவில்லை. "பாய்லராட்டம் வெடிச்சுப் போட்டா என்ன சாமி பண்ணுவ?" என்று என்னைக் கேட்டார். நான் வீராப்பாக அதெல்லாம் வெடிக்காதுங்கத்தை என்றேன். முதல் நாள் தண்ணீர் காய்ந்து குழாய்க்குள் களக் களக்கென்று சத்தம் கேட்டதும் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தவள் நான்தான். மாமியாருக்கு முன்னால் நான்.

பட்டறைக்காரர் போகும்போது ஒன்று சொன்னார். "கொட்டாய்ல குழாயக் கையால புடிச்சுப் பாருங்க. கை பொறுக்காம எடுத்துட்டீங்கன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். சும்மா புடிச்சுட்டு நிக்க முடிஞ்சா பத்தலைன்னு அர்த்தம்." தெர்மாமீட்டர் ஒன்று வாங்கியிருந்தோம். அது வரும்போதே பஸ்ஸில் உடைந்துபோனது. அதனால் கைதான் கணக்கு.

குஞ்சுகள் வந்தன. ஆயிரம் மஞ்சள் பஞ்சு. சும்மா சொல்லக் கூடாது, குழாய் பிரமாதமாக வேலை செய்தது. குஞ்சுகள் பரவலாகப் படுத்துத் தூங்கின. கால் நீட்டித் தூங்கின. எனக்குத்தான் தூக்கம் இல்லை. ஒரு மேகம் சூரியனுக்குக் குறுக்கே வந்தால் கொட்டாய்க்கு ஓடுவேன். குழாயைத் தொட்டுச் சுட்டுக்கொண்டு, அப்பாடா என்று வந்து உட்கார்ந்தால், ஆறிப்போயிருக்குமோ என்று மறுபடி எழுந்து போவேன். விரல் நுனியெல்லாம் எனக்குக் கன்றிப்போயிருந்தது.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வேப்பிலைக் காப்புக் கட்டுகிற போகிக்கு முதல் நாள், பொங்கலுக்குப் பானை வாங்கவும், தெர்மாமீட்டர் கிடைக்கிறதா என்று பார்க்கவும் நான் நாமக்கல்லுக்குப் போனேன். அவரிடம் குழாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சொன்னது போதாதென்று பாதி தூரம் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை சொன்னேன். "போய்த் தொல அம்மிணி, பஸ்ஸு போயிரும்" என்று விரட்டினார்.

தெர்மாமீட்டர் விற்கிற கடை பூட்டியிருந்தது. முதலில் வந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை, அவ்வளவு கூட்டம். பானைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் தோட்டத்துப் பாதையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதி வழியிலேயே சத்தம் கேட்டது.

குஞ்சு வளர்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வயிறு நிறைந்து கதகதப்பாக இருக்கிற குஞ்சு மெதுவாகக் கொஞ்சும். குளிரில் இருக்கிற குஞ்சு கீச்சென்று கத்தும், நிறுத்தாமல். ஆயிரம் சேர்ந்து கத்தினால் காதுக்குள் ஊசி இறங்கும். பானைகளை வரப்பில் வைத்துவிட்டு ஓடினேன்.

உள்ளே இவர் மூலையில் மண்டியிட்டு, குவியலாக ஏறியிருந்த குஞ்சுகளை இரண்டு கையாலும் பிரித்துப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். பிரிக்கப் பிரிக்க மறுபடி ஏறின. நான் குழாயைத் தொட்டேன். கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது.

"ஏனுங்க, குழாயப் பாக்கவே இல்லீங்களா?" என்று கத்தினேன்.

"பாத்தேன். மத்தியானம் பாத்தேன், அப்பறமும் பாத்தேன். சூடாத்தான் இருந்துச்சு."

"சூடா இருந்தது எப்புடீங்க இப்புடி ஆகும்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் குவியலைப் பிரித்தார். நான் பின்பக்கம் ஓடினேன். நாலு பெட்டியும் வெள்ளை வெளேரென்று நின்றன. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை, ஒரு இடம் விடாமல், பொங்கல் சுண்ணாம்பு. சுவர், தொட்டி, களத்து மேடு, மாட்டுக் காடி, எல்லாம் வெள்ளையடித்த கையோடு பெட்டிகளுக்கும் அடித்திருந்தது. என் மாமியார் சுண்ணாம்பு அடித்த மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார். எவ்வளவு சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தார், தெரியுமா!

"பொங்கலும் அதுவுமாக் கொட்டாய்க்குப் பொறகால கரியாட்டம் நின்னுட்டு இருந்துச்சு சாமி. எரிஞ்ச கொட்டாய்தான் எனக்கு நெனப்புக்கு வந்துச்சு. எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. அதான் வெள்ளையடிச்சுப் போட்டேன். வெயிலுக்குக் கண்ணாடியும் வெடிக்காது பாரு."

மாமியாரைத் திட்ட எனக்கு வாயே வரவில்லை. கோடை வந்தால் கோழி சாகாமல் இருக்க ஓட்டுக்கெல்லாம் வெள்ளையடிக்கிற ஊர் எங்களுடையது. வெயிலைத் தடுப்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். அன்று முழு நாள் வெயிலும் அந்தச் சுண்ணாம்பில் பட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

"அத்தை, குஞ்சு சாகுதுங்க" என்றேன்.

கரண்ட்டு இல்லை. ஸ்டவ்வையெல்லாம் எப்போதோ கண்காணாத இடத்துக்குக் கொடுத்தாயிற்று. இருந்திருந்தாலும் அந்தக் கடலைத் தோலுக்கு நடுவில் நான் நெருப்பு வைத்திருப்பேனா? வைத்திருக்க மாட்டேன். என்ன செய்வது என்று நின்றபோது, வாங்கி வந்த பானைகள் நினைவுக்கு வந்தன. வெந்நீர் காய்ச்சிப் பானையில் ஊற்றி, சாக்குச் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவில் வைக்கலாம். தண்ணீர் பற்றி எரியாது. மாமியாரிடம் சொன்னேன். பொங்கல் வைக்காத புதுப் பானை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு போய் அண்டாவுக்கு அடியில் விறகைத் திணித்தார்.

தண்ணீர் கொதித்தது. நான் மோந்து பானைகளில் ஊற்றினேன். ஊற்றிவிட்டுப் பிடிதுணி தேடித் திரும்பினேன். அதற்குள் இவர் வந்தார். அடுப்பங்கரைக்கு வராதவர் வந்தார். கொதிநீர்ப் பானையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துத் தூக்கி, உடம்பில் படாமல் முன்னால் நீட்டி எடுத்துக்கொண்டு நடந்தார். வெறுங்கையால். முகம் சுளிக்கவில்லை, நடை வேகமாகவில்லை.

"ஐயோ, கையிங்க! கீழ வையுங்க!" என்று கத்தினேன்.

அவர் நின்றார். பானையைப் பார்த்தார். அப்புறம்தான், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டவர்போல, பதற்றமாகக் கீழே வைத்தார். உள்ளங்கை செக்கச் செவேலென்று இருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. மத்தியானம் குழாயைத் தொட்டது, சூடாக இருக்கிறது என்று சொன்னது, எல்லாம்.

"எப்பருந்துங்க?"

"தீப்புடிச்சதுலருந்து. சொரணையே இல்ல அம்மிணி. குழாயப் புடிச்சுப் பாத்தேன். ஒண்ணுந் தெரியல. நேத்துச் சூடா இருந்துச்சே, இன்னைக்கும் இருக்கும்னு சொல்லிப்போட்டேன்." பிறகு தாழ்ந்த குரலில், "அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத. வண்டி குடுக்க மாட்டாரு" என்றார்.

"அந்தக் கைய வெச்சுட்டு ஸ்டியரிங் புடிப்பீங்களா?"

"புடிச்சிருக்கறனா இல்லியான்னு கண்ணால பாத்துக்குவேன்."

வளர்ந்த ஆம்பிளை, பிள்ளைபோலச் சொல்கிறார், கண்ணால் பார்த்துக்கொள்வேன் என்று! எனக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டுப் பானையைத் துணி சுற்றித் தூக்கினேன். அழுவதற்கு அப்போது நேரம் இல்லை. ஆறின பானையை எடுக்க, கொதிக்கிற பானையை வைக்க என்று நானும் மாமியாரும் நடந்துகொண்டே இருந்தோம். அவர் குவியலைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் தேங்காய் நாரால் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவினேன். வெயில் வந்தது, தகடு காய்ந்தது, குழாயில் களக் களக்கென்று சத்தம் வந்தது. கால்வாசிக் குஞ்சு போய்விட்டிருந்தது. தென்னைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தோம். மாமியார் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டும்போது, அந்த நாலு பெட்டிக்கும் ஒவ்வொரு கொத்துச் செருகினார். கண்ணாடியில் ஒரு இலைகூட விழாமல், ஓரமாக.

மாட்டுப் பொங்கலன்று பட்டிப் பொங்கலுக்கு அண்ணன் வந்தார். நேராகக் கொட்டாய்க்குப் போனார். அவருக்கு எதிரில் நின்று நான் அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி; கூப்பிட நேர்ந்தால் மாமா என்பேன். கதவோரம் நின்று அவர்கள் பேச்சைக் கேட்டேன்.

"கால்வாசி போச்சு. நீ சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குதில்லடா?"

"இருக்குதுங்கண்ணா. வாரனுங்க."

வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது, பம்பாய் லோடு என்றார் அண்ணன். இவர் சரி என்றார். நான் வாயைத் திறந்தால் கட்டினவர் மானம் போகும். திறக்காவிட்டால் எங்கள் அப்பா போன பாதையில் அவர் போவார். எப்படி நடந்து போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"மாமா, அவரு கைக்குச் சொரணை இல்லீங்க. சூடும் தெரியாது, புடிமானமும் தெரியாது. வண்டி குடுக்காதீங்க. உங்க கால்ல வேணாலும் உளுகறனுங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகம் பதிந்து பள்ளமாயிற்று. இவர் அந்தப் பக்கம் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் கையை விட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பொங்கல்கூடச் சாப்பிடாமல் போனார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அன்றையிலிருந்து என்னோடு பேச்சு நின்றுவிட்டது. வேலையெல்லாம் செய்தார். தீனி போட்டார், தண்ணீர் வைத்தார். என்ன வேண்டுமானாலும் அம்மாவிடம் கேட்டார். லாரி போய்விட்டது, கணவர் வீட்டிலேயே இருக்கிறார், குழாய் சூடாக ஓடுகிறது, எனக்கு இன்னும் என்ன வேண்டும்? ஆனால் அந்த நாட்களில் பட்ட பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. இந்த மனுஷன் இனிமேல் என்னிடம் பேசவே மாட்டாரோ என்ற பயம். குழாயை நான் அவர் இல்லாத சமயம் பார்த்துத் திருட்டுத்தனமாகப் போய்த் தொட்டுவிட்டு வருவேன்.

பழனிக்கு நடக்கிறவர்கள் ரோட்டில் போக ஆரம்பித்திருந்த சமயம். வானம் மூடியிருந்த ஒரு சாயங்காலம், மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கொட்டாயிலிருந்து சத்தம் வந்தது.

"அம்மிணி!"

என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மாவுக் கையோடு விழுந்தடித்து ஓடினேன். குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன. அவர் குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் முழங்காலுக்கு மேல் சும்மா கிடந்தன.

"இதத் தொட்டுப் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியறதில்ல" என்றார்.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பிடித்தேன். பொறுக்க முடியவில்லை. உடனே எடுக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"சுடுதுங்க."